திருவொற்றியூரில் இருந்து சொந்த வண்டியில் பர்மா வழியாகத் தாய்லாந்து: எங்கிருந்து ஆரம்பிப்பது?

திருவொற்றியூர் பொலேரோ:

வணக்கம். ஒரு மாதமாக ஆளாளுக்கு எழுதியதை எல்லாம் படித்துவிட்டேன், தலை சுற்றுகிறது, அதனால் புதுசாகவே கேட்டுவிடுகிறேன்.

என்னுடையது 2017 மாடல் பொலேரோ. டிஎன் 03 பதிவு, 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஜனவரியில் ஐம்பது நாள் லீவு கிடைக்கும் போலிருக்கிறது. இந்த வண்டியிலேயே வெளிநாடு போய்த் திரும்ப வேண்டும். பிளேனில் போய் இறங்கி அங்கே வாடகைக்கு எடுப்பதெல்லாம் வேண்டாம், நம்ம நம்பர் பிளேட்டோடு போக வேண்டும்.

காரணம் அப்பா. ரங்கூனில் பிறந்தவர். 1964-ல் பதினான்கு வயசில் தாத்தா பாட்டியோடு கப்பலில் வந்து மெட்ராஸில் இறங்கியவர், அதற்கப்புறம் வடசென்னையை விட்டு எங்கும் போய்க் குடியிருந்ததில்லை. சுகர் இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது. ஆனால் முன் சீட்டில் உட்காரவைத்துவிட்டால் விஜயவாடா வரைக்கும் வாய் மூடாமல் பேசிக்கொண்டு வருவார், எனக்குத் தூக்கமே வராது.

என் கணக்கு இதுதான். மாதவரத்தில் கொல்கத்தா ரோடு ஏறினால் நேராக கொல்கத்தா, அங்கிருந்து சிலிகுரி, குவாஹாட்டி, இம்பால், மோரே. அப்புறம் எல்லையைத் தாண்டி மாண்டலே, ரங்கூன், தாய்லாந்து. 2019-ல் இப்படிப் போனவர்களின் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. இப்போதும் போக முடியுமா? வண்டிக்குக் கார்னே என்று ஒரு சுங்கப் பத்திரம் வேண்டும் என்கிறார்களே, அது யாரிடம் வாங்குவது? இன்னொரு சிக்கல், ஆர்சி என் மச்சான் பேரில் இருக்கிறது, வண்டி மேல் இன்னும் எட்டு மாதத் தவணை பாக்கி. அப்புறம் ஒரு கடையில் விசாரித்தால் வண்டியை உயர்த்த லிஃப்ட் கிட், தண்ணீரில் எஞ்சின் மூச்சுவிட ஸ்நார்க்கல், மேலே கூடாரம், முன்னால் கம்பி பம்பர் என்று 2.8 லட்சத்துக்கு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டான். அதெல்லாம் இல்லாமல் போகவே முடியாதாம். உண்மையா?

பெரம்பூர் ஊர்சுற்றி:

அண்ணே, முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மோரே வழியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் பார்த்த வீடியோக்கள் எல்லாம் 2018 ஆகஸ்டில் மோரே-தமு எல்லையை வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்த பிறகு, கொரோனாவுக்கு முன்னால் எடுத்தவை. 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அதிலிருந்து உள்நாட்டுப் போர். 2023 மே மாதத்திலிருந்து இந்தப் பக்கம் மணிப்பூரில் கலவரம், மோரே ஊரே எரிந்தது. மோரேயில் இருந்து தாய்லாந்தின் மே சோட் வரைக்கும் 1,360 கிலோமீட்டர் முத்தரப்பு நெடுஞ்சாலை என்று பத்திரிகையில் வருவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுகர் உள்ள பெரியவரை வைத்துக்கொண்டு போகிற வழி அது இல்லை.

மற்ற பக்கங்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்து லண்டன் என்று கேட்பீர்கள். வாகா-அட்டாரி 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. நேபாளம் வழியாக திபெத் போகிற ரசுவாகடி பாலத்தை 2025 ஜூலை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. சீனாவுக்குள் எந்த வழியாகப் போனாலும் கூடவே ஒரு கைடு, சீனத் தற்காலிக நம்பர் பிளேட், சீனத் தற்காலிக லைசென்ஸ் எல்லாம் வேண்டும். நாலைந்து வண்டி சேர்ந்து செலவைப் பங்கு போட்டால்தான் கட்டுப்படியாகும். ஆக, கார்னே இல்லாமல், கப்பல் இல்லாமல், நம்ம வண்டியில் நாமே ஓட்டிக்கொண்டு போகக்கூடிய வெளிநாடு என்றால் நேபாளமும் பூடானும்தான்.

நேபாளத்தைக் கேவலமாக நினைக்காதீர்கள். நான் 2023-ல் போனேன். நாக்பூர், ஜபல்பூர், காசி, கோரக்பூர், எல்லையில் இருக்கிற சுனவ்லி என்று போனால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இந்தியாவுக்குள்ளேயே இருக்கிறது, எனக்கு ஐந்து நாள் ஆனது. காசியில் நகரத்தார் சத்திரத்தில் இரண்டு நாள் தங்கி இட்லி, சாம்பார் சாப்பிட்டுக் கிளம்பினால் அப்பாவுக்கும் தெம்பாக இருக்கும். சுனவ்லியைத் தாண்டியதும் பன்சார், அதாவது சுங்கச் சீட்டு, எத்தனை நாள் வண்டி உள்ளே இருக்கும் என்று சொல்லி நாள் கணக்கில் பணம் கட்ட வேண்டும். இதில் ஒரு நாள் கூடவே போட்டுக் கட்டுங்கள். நான் கணக்காகப் பத்து நாளுக்குக் கட்டிவிட்டு, முக்லிங் பக்கம் நெரிசலில் ஏழு மணி நேரம் மாட்டிக்கொண்டு, பதினோராவது நாள் விடியற்காலை எல்லையில் நின்று அபராதம் கட்டினேன். வரிசையில் எனக்குப் பின்னால் இருந்த லாரிக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

நமக்கு விசா கிடையாது, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். நூறு ரூபாய் நோட்டாகக் கட்டு கட்டாக எடுத்துக்கொள்ளுங்கள், நூறுக்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை நேபாளம் 2018 டிசம்பரில் தடை செய்திருந்தது, நான் போனபோது பெரிய நோட்டை நீட்டினாலே கடைக்காரர்கள் முகம் மாறியது. நம்ம நூறு ரூபாய் அங்கே நூற்று அறுபது. வண்டி இன்சூரன்ஸில் நேபாளம், பூடானுக்கு எல்லை நீட்டிப்பு என்று ஒரு எண்டார்ஸ்மென்ட் உண்டு, கொஞ்சம் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுப்பார்கள். ஏஜென்ட் அப்படி ஒன்றும் இல்லை என்பார், இருக்கிறது, வற்புறுத்திக் கேளுங்கள். பூடானில் இந்தியருக்குத் தலைக்கு ஒரு இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம். மூன்று பேர் பத்து நாள் என்றால் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

ஜனவரி மட்டும் வேண்டாம். கோரக்பூர் பக்கம் அந்த மாதம் மூடுபனியில் போனெட்டே தெரியாது. மழைக்காலமும் வேண்டாம், 2024 ஜூலையில் நாராயண்காட்-முக்லிங் சாலையில் நிலச்சரிவு இரண்டு பஸ்களைத் திரிசூலி ஆற்றில் தள்ளிவிட்டது. மார்ச் நல்லது, இல்லையென்றால் அக்டோபர் கடைசி.

ராஜாஜி சாலை கிளியரிங்:

இருபத்திரண்டு வருஷமாகக் கஸ்டம்ஸ் வேலை பார்க்கிறேன், கார்னே விஷயம் நான் சொல்கிறேன்.

கார்னே என்பது வண்டிக்குப் பாஸ்போர்ட் மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். பாஸ்போர்ட்டைவிட ஜாமீன் பத்திரம் என்பதுதான் சரி. "இந்த வண்டியை உங்கள் நாட்டில் விற்க மாட்டேன், திரும்ப எடுத்துப் போய்விடுவேன், போகாவிட்டால் வரியை என் டெபாசிட்டில் எடுத்துக்கொள்" என்று எழுதிக் கொடுப்பது. அதனால்தான் வண்டி மதிப்பையும் போகிற நாட்டையும் பார்த்து டெபாசிட்டோ வங்கி உத்தரவாதமோ கேட்கிறார்கள். இந்தியாவில் ஆட்டோமொபைல் சங்கங்கள் மூலமாகத்தான் கிடைக்கும், மும்பை வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் இதில் பழைய கை. ஒரு வருஷம் செல்லும். ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு. நாட்டுக்குள் நுழையும்போது ஒரு துண்டு கிழிப்பார்கள், வெளியேறும்போது ஒன்று, அடிக்கட்டை உங்களிடம் இருக்கும். அந்த அடிக்கட்டையில் நுழைந்த முத்திரையும் வெளியேறிய முத்திரையும் இருக்கிறதா என்று அந்த மேஜையை விட்டு நகர்வதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு எல்லையில் தூக்கக் கலக்கத்தில் வெளியேறும் முத்திரை வாங்காமல் வந்துவிட்டார். ஊருக்கு வந்து ஒன்றரை வருஷம் டெபாசிட் முடங்கிக் கிடந்தது.

அப்பாவை பர்மா எல்லைப் பக்கமாவது கூட்டிப்போக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. இங்கிருந்து வண்டியைக் கண்டெய்னரில் போர்ட் கிளாங்குக்கு அனுப்பி, நீங்கள் பிளேனில் கோலாலம்பூர் போய் வண்டியை எடுத்து, பினாங்கு, ஹாட்யாய், பாங்காக் என்று மே சோட் வரைக்கும் ஓட்டலாம். மே சோட்டில் நின்றால் மோய் ஆற்றுக்கு அந்தக் கரை மியாவடி, பர்மா. மலேசியாவிலும் தாய்லாந்திலும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுவார்கள், அது ஒரு சௌகரியம். தாய்லாந்து 2016-லிருந்து வெளிநாட்டு வண்டிகளுக்கு முன் அனுமதி கேட்கிறது, அங்கே உரிமம் பெற்ற பயண ஏஜென்சி வழியாகத்தான் வாங்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு.

பொலேரோ இருபது அடி கண்டெய்னரில் தாராளமாகப் போகும். மேலே கூடாரம் கட்டினீர்கள் என்றால் கதவு உயரம் இடிக்கும், அதையும் யோசியுங்கள். டேங்கில் கால் பாகத்துக்குக் கீழே டீசல், பேட்டரி வயர் கழற்றியிருக்க வேண்டும், ஸ்டவ் சிலிண்டர் கூடவே கூடாது. கஸ்டம்ஸில் சேசிஸ் நம்பரை எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பார்கள். உங்கள் வண்டியில் அது துருப்பிடித்துப் படிக்க முடியாமல் இருந்தால் இப்போதே சுத்தம் செய்து பென்சில் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் சொல்கிற கப்பல் கூலியை நம்பி பட்ஜெட் போட வேண்டாம். அந்தப் பக்கத் துறைமுகத்தில் இறக்குக் கூலி, ஷெட் வாடகை, டாக்குமென்ட் என்று தனியாக ஒரு பில் வரும், சில சமயம் அது கப்பல் கூலியைவிடப் பெரிசாக இருக்கும். "அங்கே என்னென்ன கட்ட வேண்டும்" என்று எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து ஆர்சி. மச்சான் பேரில் இருந்தால் மச்சானையும் கூட்டிப் போங்கள், இல்லையென்றால் பேர் மாற்றுங்கள். நோட்டரி கையெழுத்து போட்ட அனுமதிக் கடிதம் நேபாளத்தில் செல்லும், கார்னேயில் அது வம்பு. எட்டு மாதத் தவணையை முடித்து, வங்கியிடம் படிவம் 35 வாங்கி, ஆர்டிஓவில் அடமானத்தை நீக்கிவிட்டு, அப்புறம் பேர் மாற்றம். அந்த வரிசையில் செய்தால் தலைவலி குறைவு. சர்வதேச லைசென்ஸ் ஆர்டிஓவிலேயே தருவார்கள், படிவம் 4ஏ, 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். பயண டிக்கெட்டின் நகல் கேட்பார்கள். ஒரு வாடிக்கையாளர் "காரில்தான் சார் போகிறேன், டிக்கெட்டுக்கு எங்கே போவேன்" என்று முக்கால் மணி நேரம் வாதாடியிருக்கிறார். நேபாளத்துக்கு அது தேவையில்லை, நம்ம லைசென்ஸே போதும்.

திருவொற்றியூர் பொலேரோ:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மோரே வழி மூடியிருக்கும் என்று உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது, யாராவது இல்லை என்று சொல்வார்களா என்று பார்த்தேன். கப்பல் செலவைக் கூட்டிப் பார்த்தேன், டெபாசிட்டையும் சேர்த்தால் வண்டி விலையையே தொட்டுவிடும் போலிருக்கிறது. வீட்டில் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அந்த 2.8 லட்சம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

தண்டையார்பேட்டை ஒர்க்‌ஷாப்:

தம்பி, ஸ்நார்க்கல் எதுக்கு? நீ போகிற வழியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிற ஒரே இடம் நம்ம கணேசபுரம் சுரங்கப்பாதைதான், அதில் மழை நாளில் யாரும் போக மாட்டான். லிஃப்ட் கிட் போட்டால் ஆர்சியில் இருக்கிற வண்டி வேறு, ரோட்டில் நிற்கிற வண்டி வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, போலீஸும் கேட்பான், இன்சூரன்ஸ்காரனும் கை விரிப்பான். பொலேரோவை நேபாளத்தில் மலைக்கு மலை ஜீப்பாக ஓட்டுகிறார்கள், கம்பெனியில் இருந்து வந்தபடியே. மகிந்திரா சாமான் அங்கே கிடைக்கும். அந்தப் பணத்தில் டீசல் போடு.

உன் வண்டிக்கு இருக்கிற வியாதி வேறு. திருவொற்றியூரில் எட்டு வருஷமாக வீட்டு வாசலில் நிற்கிறது என்றால் உப்புக்காற்று அடித்தே தின்றிருக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதே. வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்கச் சொல். சேசிஸ் ஓரமாகப் போகிற பிரேக் பைப், டீசல் டேங்க் பட்டை, சைலன்சர் தொங்கல், இதெல்லாம் நகத்தால் சுரண்டினால் உதிர்கிறதா பார். போன வருஷம் காசிமேட்டில் இருந்து ஒரு வண்டி வந்தது, பிரேக் பைப்பைத் துணியால் துடைத்தேன், துணியோடு எண்ணெய் வந்துவிட்டது. அவர் அடுத்த நாள் திருப்பதி மலை ஏறுவதாக இருந்தார். அப்புறம் எர்த் வயர். பேட்டரியில் இருந்து பாடிக்கு வருகிற இடத்தில் பச்சையாகப் பூத்திருக்கும், அதைக் கழற்றித் தேய்த்து கிரீஸ் போடாமல் விட்டால் குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆகாது. எல்லோரும் பேட்டரி போச்சு என்று புது பேட்டரி வாங்குவார்கள்.

நம்ம ஊரில் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றியே ஓட்டிவிடுகிறோம். அங்கே மேலே ராத்திரி உறைந்தால் எஞ்சின் பிளாக் பிளந்துகொள்ளும். முழுசாக இறக்கிவிட்டு கூலன்ட் ஊற்று. டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், 2319 என்றால் 2019-ல் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டியிருந்தால் மாற்று. கையில் ஃபேன் பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், டீசல் ஃபில்டர் இரண்டு, ஃபியூஸ், பல்பு, ஹோஸ் கிளிப், கட்டுக்கம்பி, எம்-சீல் போதும். எதை எடுத்துப் போனாலும் மாட்டத் தெரிந்திருக்க வேண்டும், என் கடைக்கு வா, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெல்ட் மாற்றச் சொல்லித் தருகிறேன், டீ வாங்கிக்கொடு.

போகும் முன்னால் எல்லா மூட்டையும் ஏற்றி, வீட்டு ஆட்களையும் ஏற்றி, கொல்லிமலை எழுபது வளைவும் ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டு வா. இறங்கும்போது பிரேக் நாறுகிறதா, இரண்டாவது கியரில் பிடித்து இறங்கத் தெரிகிறதா, பின்னால் உட்கார்ந்தவர்கள் சண்டை போடுகிறார்களா, எல்லாம் தெரிந்துவிடும். திரும்பி வந்து மூட்டையில் பாதியை இறக்கிவிடுவாய், எல்லோரும் இறக்கியிருக்கிறார்கள்.

வியாசர்பாடி அத்தோ:

அண்ணா, நாங்களும் பர்மாவில் இருந்து வந்த குடும்பம்தான். எங்கள் ஆயா மோல்மேன் பக்கம். ரங்கூனில் 1964-ல் கடையை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு, ஐம்பது, நூறு சாட் நோட்டும் செல்லாது என்று அறிவித்தபோது இடுப்பில் முடிந்து வைத்திருந்த பணம் அத்தனையும் வெறும் காகிதமானதை ஆயா சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தது.

2019-ல் ஆயாவை மோரே வரைக்கும் கூட்டிக்கொண்டு போனோம், ரயிலிலும் வாடகைக் காரிலுமாக. மோரேயில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோவில் இருக்கிறது, பர்மாவுக்கே திரும்பிப் போய்விடலாம் என்று இங்கிருந்து தரைவழியாகக் கிளம்பி, எல்லையில் ராணுவம் விடாமல் அங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் பேரன்கள் தமிழ் பேசிக்கொண்டு கடை வைத்திருந்தார்கள். அப்போதெல்லாம் கேட்டில் சீட்டு வாங்கிக்கொண்டு தமு சந்தைக்குப் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம். ஆயாவுக்காகத்தான் அவ்வளவு தூரம் போனது. கேட் வரைக்கும் வந்த ஆயா "நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்று நாற்காலி கேட்டு உட்கார்ந்துகொண்டது. நாங்கள் போய் லுங்கியும் ஊறுகாய்த் தேயிலையும் வாங்கி வந்தோம், அதை முகர்ந்து பார்த்தது, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அப்பாவைக் கேட்டீர்களா?

அவர் மருந்து விஷயம், எத்தனை நாளோ அதற்கு மேல் பதினைந்து நாளுக்குச் சேர்த்து வாங்குங்கள், சீட்டில் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரையே டாக்டரை எழுதச் சொல்லுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், வெயிலில் கெட்டுவிடும், மலையில் உறைந்தாலும் கெட்டுவிடும். முழங்காலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறக்கி நடக்க விடுங்கள். பொலேரோவில் ஏறும் படி உயரம், சின்ன ஸ்டூல் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூர் பொலேரோ:

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். கேட்கவில்லை என்பதுதான் உண்மை. நேற்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். பெரிய அழுகை, பழைய கதை எல்லாம் வரும் என்று நான் தயாராக இருந்தேன். "ரங்கூன்ல இப்ப யாருடா இருக்கா" என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் கழித்து, "முக்திநாத்துக்கு வண்டி போகுமா" என்றார். நூற்றெட்டு திவ்ய தேசத்தில் ஒன்றாம், பக்கத்து வீட்டு ஐயர் போய் வந்ததிலிருந்து மனசில் இருக்கிறதாம். அதை எங்களிடம் சொன்னதே இல்லை.

ஆக, நேபாளம். லீவை மார்ச்சுக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன். மச்சான் தானும் வருகிறேன் என்கிறான், ஆர்சி பிரச்சினை அதோடு தீர்ந்தது, ஆனால் அவன் குறட்டை விடுவான், அது தனிப் பிரச்சினை. ஒர்க்‌ஷாப் அண்ணே, இந்த ஞாயிறு வருகிறேன், டீயோடு வடையும் வாங்கித் தருகிறேன். சேசிஸ் நம்பரைப் போய்ப் பார்த்தேன், மூன்று எழுத்து துருவில் தெரியவில்லை.

பெரம்பூர் தம்பி, முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல் என்று போட்டிருக்கிறது. அப்பாவை ஒரே நாளில் ஏற்றலாமா?

பெரம்பூர் ஊர்சுற்றி:

கூடவே கூடாது அண்ணே. பொக்ராவில் இரண்டு நாள், ஜோம்சோமில் ஒரு இரவாவது தங்குங்கள், அது 2,700 மீட்டர். மறுநாள் காலையில் மேலே போய்க் கும்பிட்டுவிட்டு அன்றைக்கே ஜோம்சோமுக்கு இறங்கிவிடுங்கள், மேலே தங்க வேண்டாம். மத்தியானத்துக்கு மேல் ஜோம்சோம் பக்கம் காற்று மண்ணை வாரி அடிக்கும், அதனால் அதிகாலையில் கிளம்புங்கள். தலைவலி, வாந்தி என்றால் கோவில் பக்கத்தில் தெரிந்தாலும் வண்டியைத் திருப்பிவிடுங்கள். கிளம்பும் முன்னால் சுகர் டாக்டரிடம் இந்த உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். வண்டி நிற்கும் இடத்தில் இருந்து கோவிலுக்குப் படி ஏற வேண்டும், அந்த ஸ்டூல் அங்கே உதவாது, குதிரையில் ஏற்றிக்கொண்டு போவார்கள், பேரம் பேசுங்கள்.